அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சா? முதல்ல திரும்பி வர்ற வழியைப் பாருங்க!

விமானமா, கப்பலா? தீவுக்குத் தீவு போவது எப்படி? எங்கே பயணம் சிக்கிக்கொள்ளும்? முழு விளக்கம்.

ஒன்பது நாள் லீவு. நடுவில் ஐந்து நாளுக்கு மட்டும் அப்ளை செய்தால் போதும், இரண்டு பக்கமும் சனி, ஞாயிறு சேர்ந்துகொள்ளும். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் ராதாநகர் கடற்கரைப் படத்தைப் போடுகிறார். “அந்தமான் போலாமா?” என்று கேள்வி விழுகிறது. பத்து நிமிடத்தில் விமானக் கட்டணத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும் வந்துவிடுகிறது.

பெரும்பாலான அந்தமான் பயணங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகருக்குப் போய்ச் சேர்வது இன்றைக்கு ஊட்டிக்குப் போவதைவிடச் சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால், குழுவில் வந்த படத்தில் இருக்கும் கடற்கரை தலைநகரில் இல்லை. அதற்கு இன்னொரு முறை கடல் தாண்ட வேண்டும். அந்த இரண்டாவது கடலில் உங்கள் லீவு லெட்டருக்கும் விமான டிக்கெட்டுக்கும் மதிப்பு கிடையாது. காற்று எப்படி அடிக்கிறதோ, அதுதான் அங்கே டைம்டேபிள்.

அதனால் அந்தமானுக்குத் திட்டம் போடுபவர்கள் தலைகீழாகப் போட வேண்டும். எப்படிப் போவது என்பதல்ல முதல் கேள்வி. கடைசித் தீவிலிருந்து எப்படித் திரும்பி வருவது என்பதுதான் முதல் கேள்வி.

*அந்தமான் என்றால் எந்த ஊர்?*

அந்தமான் ஒரு ஊர் அல்ல. வங்கக் கடலில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் தீவுக்கூட்டம். தெற்கு அந்தமான், மத்திய அந்தமான், வடக்கு அந்தமான் ஆகியவை பெரிய தீவுகள். தலைநகரான போர்ட் பிளேர் தெற்கு அந்தமானில் இருக்கிறது. விமானமும் பெரிய கப்பலும் வந்து சேர்வது இங்கேதான். செல்லுலார் சிறையும் இங்கேதான்.

சுற்றுலாப் பயணிகள் தேடிப்போகும் ஹேவ்லாக், நீல் இரண்டும் தனித்தீவுகள். தலைநகருக்கு வடகிழக்கே, படகில் போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. ராதாநகர் கடற்கரை இருப்பது ஹேவ்லாக்கில்.

டிக்கெட் தேடும்போது குழப்பம் தரும் இன்னொரு விஷயம், பெயர்கள். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ‘ஸ்வராஜ் த்வீப்’ ஆனது, நீல் ‘ஷஹீத் த்வீப்’ ஆனது, ராஸ் தீவு ‘நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப்’ ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் ‘ஸ்ரீ விஜயபுரம்’ ஆனது. சில தளங்களில் பழைய பெயர் இருக்கும், சிலவற்றில் புதியது. இரண்டும் ஒரே இடம்தான், பயப்பட வேண்டாம். படகுக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் பேச்சில் இன்னும் ஹேவ்லாக், நீல்தான்.

*விமானம்: வேகம் உறுதி, விலை உறுதியில்லை*

சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் இரண்டேகால் மணி நேரம். கொல்கத்தா, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களிலிருந்தும் விமானங்கள் உண்டு. ஆனாலும் தமிழ்நாட்டின் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் சென்னை வழிதான் பெரும்பாலும் சுலபம். வீர் சாவர்க்கர் விமான நிலையத்தில் 2023 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது.

மதுரை, கோவை, திருச்சி, நெல்லைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தமான் விமானங்களில் பல அதிகாலை, காலை நேரத்தில் கிளம்புபவை. இரவு ரயிலில் வந்து இறங்கி நேராக விமான நிலையத்துக்கு ஓடலாம் என்று கணக்குப் போட்டால், ரயில் ஒரு மணி நேரம் தாமதமானாலே எல்லாம் போச்சு. ரயிலும் விமானமும் தனித்தனி டிக்கெட் என்பதால் ரயில் தாமதத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பேற்காது. முந்தைய நாளே சென்னை வந்துவிடுவது நல்லது.

விலை? ஒரே இருக்கைக்கு சாதாரண வாரத்தில் ஒரு விலை, பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், கோடை விடுமுறையில் இன்னொரு விலை. ரயில் மாதிரி நிலையான கட்டணம் கிடையாது. அதுவும் இங்கே தரைவழி மாற்று என்று எதுவும் இல்லை. பெங்களூருக்கு விமானம் விலை ஏறினால் பஸ் பிடிக்கலாம். அந்தமானுக்கு அது முடியாது. அதனால் சீசன் நேரத்தில் தேதி முடிவானதும் முதலில் போட வேண்டியது விமான டிக்கெட்டைத்தான்.

ஆனால், போடுவதற்கு முன் படகுக் கணக்கை முடித்திருக்க வேண்டும். அது பின்னால் வருகிறது.

*கப்பல்: மூன்று நாள் கடலில்*

“கப்பல்ல போனா செம அனுபவம்ல?” அந்தமான் பேச்சு எடுத்தாலே இந்தக் கேள்வி வரும். பதில்: ஆம், நேரம் உங்கள் கையில் இருந்தால்.

சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்தும் அந்தமானுக்குப் பயணிகள் கப்பல் போகிறது. சென்னையிலிருந்து கடல் தூரம் ஏறக்குறைய 1,190 கி.மீ. பயண நேரம் சுமார் 60 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 20 கி.மீ. நல்ல சைக்கிள்காரர் மிதிக்கும் வேகம்தான்! கடல் கொந்தளிப்பாக இருந்தால் 60 மணி நேரம் இன்னும் நீளும்.

இருவர் தங்கும் கேபின் முதல் பலர் ஒரே கூடத்தில் படுக்கும் பங்க் வரை பல வகுப்புகள் உண்டு. பங்க் டிக்கெட் சீசன் நேர விமானக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கேபினுக்குப் போனால் அந்த லாபம் கரைந்துவிடும். சில நாள்களில் கேபின் கட்டணமும் விமானக் கட்டணமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். சாப்பாட்டுச் செலவு தனி.

இதில் ஏமாற்றம் தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. கப்பல் தினமும் கிடையாது. மாதத்தில் சில முறைதான். புறப்படும் தேதிகளை அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் போக்குவரத்துத் துறை அறிவிக்கும். வானிலை, பராமரிப்பு, சரக்கு ஏற்றும் வேலை என்று எந்தக் காரணத்தாலும் தேதி தள்ளிப்போகலாம். ஆறு மாதத்துக்கு முன்னாலேயே தேதி குறித்து டிக்கெட் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது.

ஒன்பது நாள் லீவில் போக மூன்று நாள், வர மூன்று நாள் கடலிலேயே போனால் தீவில் மிஞ்சுவது மூன்று நாள். அதுவும் திரும்பி வரும் கப்பல் சரியாக உங்கள் தேதியில் இருந்தால்தான்.

கப்பல் ஆசை விடவில்லையா? ஒரு நடுவழி இருக்கிறது. ஒரு பக்கம் கப்பல், ஒரு பக்கம் விமானம். அப்படியானால் எந்தப் பக்கம் கப்பல்? போகும்போது. கப்பல் ஒரு நாள் தாமதமானால் விடுதியில் ஒரு இரவுப் பணம் போகும், அவ்வளவுதான். திரும்பும்போது தாமதமானால் திங்கட்கிழமை ஆபீசுக்கு நடுக்கடலிலிருந்து பதில் சொல்ல வேண்டிவரும். அதற்கும் வழியில்லை, கரையை விட்டு விலகியதும் போனில் சிக்னல் இருக்காது.

கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரை விஷயத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. முதல் நாள் படுத்தே கிடப்பவர்கள் நிறைய பேர்.

*ஹேவ்லாக், நீல்: நிஜமான பயணம் இங்கேதான்*

தலைநகரிலிருந்து ஹேவ்லாக்குக்கு இரண்டு வகைப் படகுகள் உண்டு.

முதலாவது, தனியார் வேகப் படகு. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஏசி உண்டு, இருக்கை எண் உண்டு. ஆன்லைனில் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். கட்டணம் அரசுப் படகைவிடப் பல மடங்கு.

இரண்டாவது, அரசுப் படகு. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்டணம் குறைவு. மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டே போகலாம். டிக்கெட் விற்பனை பயணத்துக்குச் சில நாள்கள் முன்னால்தான் திறக்கும். தீவுவாசிகளுக்கு முன்னுரிமை.

ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்கும், நீலிலிருந்து தலைநகருக்கும் படகு உண்டு. அதனால் தலைநகர் – ஹேவ்லாக் – நீல் – தலைநகர் என்று முக்கோணமாகச் சுற்றி வரலாம். போன வழியே திரும்ப வேண்டியதில்லை.

ஹெலிகாப்டரும் இருக்கிறது. ஆனால், அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. இருக்கைகள் மிகக் குறைவு. நோயாளிகள், அவசரத் தேவை, தீவுவாசிகள் எல்லாம் முடிந்த பிறகுதான் சுற்றுலாப் பயணி.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. அந்தமான் சென்னைக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தாலும் கடிகாரம் அதே இந்திய நேரம்தான். அதனால் சூரியன் சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக உதித்து, முன்னதாகவே மறையும். குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். படகுகளும் அதற்கேற்ப அதிகாலையில் ஓடத் தொடங்கி பிற்பகலோடு முடிந்துவிடும். “மதியம் சாப்பிட்டுட்டு மெதுவா கிளம்பலாம்” என்ற பேச்சு இங்கே எடுபடாது.

*2016 டிசம்பரில் என்ன நடந்தது?*

படகுக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு டிசம்பர் மாதமே சாட்சி.

2016 டிசம்பர் முதல் வாரம். நல்ல சீசன். ஹேவ்லாக், நீல் தீவுகள் நிறைய சுற்றுலாப் பயணிகள். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு தீவுகளின் மேல் கனமழையையும் பலத்த காற்றையும் கொண்டுவந்தது. படகுகள் நின்றன. ஹெலிகாப்டரும் பறக்க முடியவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள்கணக்கில் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். கடற்படை, கடலோரக் காவல் படைக் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் போய்த்தான் அவர்களைத் தலைநகருக்குக் கொண்டுவந்தன.

அந்தத் தாழ்வுதான் பிறகு வலுப்பெற்று ‘வர்தா’ புயலாகி, டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்தது. சென்னையில் மரங்கள் சாய்ந்து கிடந்த அந்த நாள் பலருக்கு நினைவிருக்கும். அதே புயலின் முதல் அடி ஒரு வாரம் முன்பே அந்தமானில் விழுந்திருந்தது.

அவ்வளவு பெரிய புயல் எப்போதாவதுதான் வரும். ஆனால், ஒரு நாள் காற்று, அரை நாள் படகு ரத்து என்பது அங்கே சாதாரணம். “கடல் சரியில்ல, இன்னிக்கு போட் இல்ல” என்று கவுன்ட்டரில் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். படகு டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கலாம். ஹேவ்லாக்கில் நீங்கள் நிற்கும்போது தலைநகரிலிருந்து பறந்துபோன விமானத்தின் பணம் திரும்ப வராது.

இதிலிருந்து கிடைப்பது ஒரே விதி: கடைசி இரவு தலைநகரில். விமானம் ஏறும் நாளன்று காலையில் ஹேவ்லாக்கிலிருந்து வந்து அப்படியே விமான நிலையம் போகலாம் என்று பேக்கேஜ் போட்டுத் தருபவர்கள் உண்டு. நேரக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். கடல்தான் அந்தக் கணக்கைப் படித்திருக்காது. முடிந்தால் கடைசி இரண்டு இரவுகள் தலைநகரில் இருக்கட்டும்.

*படகு ரத்தானால் கோபப்படலாமா?*

படகை நிறுத்துகிறவர் உங்கள் விடுமுறையைக் கெடுப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள இன்னொரு தேதியை நினைவில் வைக்க வேண்டும். 2014 ஜனவரி 26.

குடியரசு தின விடுமுறை நாள். ராஸ் தீவிலிருந்து நார்த் பே நோக்கிப் போன சுற்றுலாப் படகு ஒன்று கடலில் கவிழ்ந்தது. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகப் போயிருந்தவர்கள். ஏற்றக்கூடிய அளவைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஆள்களைப் படகு ஏற்றியிருந்தது. புயல் இல்லை. நெடுந்தூரக் கடலும் இல்லை. தலைநகரின் கண்ணெதிரே, சில நிமிடப் பயணம்.

ஆகவே, சிறிய படகில் ஏறும்போது இரண்டே விஷயங்களைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? படகில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குள் ஆள்கள் இருக்கிறார்களா? “இன்னும் நாலு பேர்தானே சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்றால், அடுத்த படகில் வருகிறோம் என்று இறங்கிவிடலாம். தயக்கமே வேண்டாம்.

*இது யாருடைய படகு?*

சுற்றுலாப் பயணிக்கு அரசுப் படகு ஒரு மலிவான மாற்று. தீவில் வாழ்பவருக்கு அதுதான் டவுன் பஸ்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் வாழ்பவர்கள் சுமார் 3.8 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவரின் தாய்மொழி தமிழ். பண்டிகை நேரத்தில் சென்னைக் கப்பலில் இடம் கிடைக்காமல் தவிப்பவர்களில் விடுமுறைக்குச் சொந்த ஊர் வந்து திரும்பும் தமிழ்க் குடும்பங்களும் இருப்பார்கள்.

தீவுகளுக்கான பெரிய அரசு மருத்துவமனை தலைநகரில்தான். ஹேவ்லாக்கில் ஒருவருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றாலும், லிட்டில் அந்தமானின் ஹட் பேயிலிருந்து ஒரு மாணவர் கல்லூரிக்கு வர வேண்டும் என்றாலும் படகுதான். ஹட் பேயிலிருந்து தலைநகருக்குக் கப்பலில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். அரிசி, காய்கறி, சிலிண்டர் எல்லாம் வருவது கடல் வழியாகத்தான்.

தீவுவாசிகளுக்குத் தனி அடையாள அட்டையும், குறைந்த கட்டணமும், டிக்கெட்டில் முன்னுரிமையும் இருப்பது இதனால்தான். “நாமும் காசு கொடுத்துதானே போறோம், நமக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று கவுன்ட்டரில் எரிச்சல் வரலாம். நமக்கு இது ஒரு நாள் பிளான். வரிசையில் முன்னால் நிற்பவருக்கு அது மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட்டாக இருக்கலாம். பட்ஜெட் இடம் கொடுத்தால், கூட்டம் அதிகமான சீசனில் தனியார் படகைத் தேர்ந்தெடுப்பது உங்களுக்கும் நிம்மதி, அவர்களுக்கும் ஓர் இடம் மிச்சம்.

*சாலை வழி: பார்க்கலாமா, கூடாதா?*

பயணத்தில் கடலே வேண்டாம் என்பவர்களுக்கு அந்தமான் டிரங்க் ரோடு இருக்கிறது. தலைநகரிலிருந்து பாராடாங், ரங்கத், மாயாபந்தர் வழியாக வடக்கே டிக்லிபூர் வரை 300 கி.மீட்டருக்கு மேல் போகும் நெடுஞ்சாலை. சுற்றுலாப் பயணிகளில் பலர் சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் பார்க்க பாராடாங் வரை போய், அன்றே திரும்புகிறார்கள்.

இந்தச் சாலையின் ஒரு பகுதி ஜாரவா பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட காட்டின் ஊடாகப் போகிறது. ஜாரவாக்கள் சில நூறு பேர் மட்டுமே. வெளியுலகோடு அவர்கள் பகை இல்லாமல் பழகத் தொடங்கியதே 1990-களின் இறுதியில்தான். அடுத்த ஓரிரு ஆண்டுகளில், 1999-ல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமான ஒரு நோய், அதற்கு எதிர்ப்பு சக்தியே இல்லாத சிறிய சமூகத்தை அழித்துவிடக்கூடும். அவர்களைப் பாதுகாக்க 1956-ம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. காப்புக்காட்டுக்குள் போகும் சாலையை மூட வேண்டும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வடக்கு, மத்திய அந்தமான் மக்களுக்கு இதுவே உயிர்நாடி என்று நிர்வாகம் சொன்னது. சாலை மூடப்படவில்லை. உணவுக்காக ஜாரவா பெண்களை ஆட வைத்த வீடியோ 2012-ல் வெளியாகி உலகமெங்கும் கண்டனம் எழுந்தது.

இப்போதைய நடைமுறை இது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், போலீஸ் பாதுகாப்போடு, வாகனங்கள் வரிசையாகச் சேர்ந்து போக வேண்டும். இதற்கு ‘கான்வாய்’ என்று பெயர். வழியில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, உணவோ பொருளோ கொடுக்கக் கூடாது. மீறினால் வழக்கு, கைது வரை போகும். முதல் கான்வாயைப் பிடிக்க அதிகாலை நான்கு மணிக்கு முன்பே தலைநகரிலிருந்து கார்கள் கிளம்பிவிடும். கான்வாயை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். கடைசியை விட்டால் அன்றைய பயணம் அவ்வளவுதான்.

காட்டுப்பகுதியைத் தாண்டியதும் மிடில் ஸ்ட்ரெயிட்டில் வாகனங்களை ஏற்றும் படகில்தான் கடலின் கையைக் கடக்க வேண்டும். ஆக, சாலைவழி என்று சொன்னாலும் கடல் விடாது.

உள்ளூர் மக்களுக்கு இந்தச் சாலையை விட்டால் வேறு வழி அதிகம் இல்லை. விடுமுறைக்குப் போகிறவருக்குத் தேர்வு இருக்கிறது. “வழியில ஜாரவா தெரிவாங்களா?” என்பதற்காகவே ஒருவர் வண்டி பிடிக்கிறார் என்றால், அவர் அந்தச் சாலையில் போகாமல் இருப்பதே நல்லது. ரங்கத், டிக்லிபூர் பக்கம் போக விரும்புபவர்கள் அரசுப் படகு இருக்கும் நாளை விசாரித்துப் பார்க்கலாம். தினசரி இருக்காது, ஆனால் உண்டு.

நிக்கோபார்? இந்தியர்கள் அந்தமானுக்குப் போக அனுமதிச் சீட்டு தேவையில்லை. நிக்கோபார் தீவுகள் பழங்குடியினர் பகுதி, தனி அனுமதி இல்லாமல் போக முடியாது. சுற்றுலா லிஸ்டிலிருந்து அதை எடுத்துவிடலாம்.

*எந்த மாதம் போகலாம்?*

தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவதற்கு முன்பே, மே மாத நடுவில் அந்தமானைத் தொட்டுவிடும். அதிலிருந்து செப்டம்பர் வரை மழையும் கொந்தளிப்பும் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வங்கக் கடலில் புயல் காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் கடல் பெரும்பாலும் அமைதி. டிசம்பர் கடைசி வாரம் கூட்டமும் விலையும் உச்சம்.

மழைக்காலத்தில் போகவே கூடாது என்பதில்லை. டிக்கெட், ரூம் விலை குறையும், கூட்டமும் இருக்காது. ஆனால், ஒன்றுக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். மலிவாகக் கிடைத்த டிக்கெட்டின் மீதி விலை அந்த இரண்டு நாள்தான்.

*ஒன்பது நாளை எப்படிப் பிரிப்பது?*

சனிக்கிழமை கிளம்பி, அடுத்த ஞாயிறு திரும்பும் ஒரு மாதிரித் திட்டம்:

• சனி: காலை விமானம். தலைநகரில் ஓய்வு, மாலையில் ஊர் சுற்றல். அன்றே ஹேவ்லாக் படகைத் துரத்த வேண்டாம்.
• ஞாயிறு: காலைப் படகில் ஹேவ்லாக்.
• திங்கள், செவ்வாய்: ஹேவ்லாக்.
• புதன்: படகில் நீல்.
• வியாழன்: நீல்.
• வெள்ளி: படகில் தலைநகர்.
• சனி: தலைநகர். செல்லுலார் சிறை, ராஸ் தீவு.
• ஞாயிறு: விமானம்.

இதில் இரண்டாவது சனிக்கிழமைதான் இன்ஷூரன்ஸ். வெள்ளிக்கிழமை படகு ஓடாவிட்டால் சனிக்கிழமை இன்னொரு வாய்ப்பு இருக்கும். எல்லாம் சரியாக நடந்தால் செல்லுலார் சிறையை அவசரமில்லாமல் பார்க்க ஒரு நாள் கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டமில்லை.

ஐந்து நாள்தான் இருக்கிறதா? நீலை விட்டுவிடுங்கள். ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, தலைநகரில் முதல் இரவும் கடைசி இரவும். மூன்று நாள்தான் என்றால்? தலைநகரோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது அந்தமானை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுப் பாண்டிச்சேரி போகலாம். மூன்று நாளில் இரண்டு விமானம், இரண்டு படகு என்பது விடுமுறை இல்லை, வேலை.

*புக் செய்யும் வரிசை*

1. முதலில் தேதிகளைத் தாளில் எழுதுங்கள். கடைசி இரவு தலைநகரில் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. அந்தத் தேதிகளில் படகு இருக்கிறதா, இடம் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இன்னும் பணம் கட்ட வேண்டாம்.
3. விமான டிக்கெட்டைப் போடுங்கள்.
4. அதே நாளில் படகு டிக்கெட்டையும் போடுங்கள். ரத்தானால் பணம் எப்படித் திரும்ப வரும் என்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.
5. கடைசியாக ரூம். இலவசமாக ரத்து செய்யும் வசதி உள்ளதாகப் பாருங்கள், நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை.
6. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். ‘அந்தமான் கடல் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வு’ என்ற செய்தியை வழக்கமாக நாம் சென்னை மழைக்காகத்தான் படிப்போம். இந்த முறை உங்களுக்காகப் படியுங்கள்.
7. அசல் அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம் இரண்டும் கையில் இருக்கட்டும். 2020-ல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் போட்ட பிறகு இணையம் வெகுவாக முன்னேறியிருக்கிறது. ஆனாலும் சின்னத் தீவில் மழைநாளில் யுபிஐ சுற்றிக்கொண்டே இருந்தால், ஆட்டோக்காரருக்கு நோட்டுதான் கொடுக்க வேண்டும்.

குழுவில் இப்போதே இரண்டு பேர் “சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் ஹேவ்லாக்ல இருந்துட்டு, ஞாயிறு காலைல போட் பிடிச்சு நேரா ஏர்போர்ட் போயிடலாம்டா” என்று எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையை ஃபார்வர்டு செய்துவிட்டு ஒரே வரி சேர்த்துவிடுங்கள்: அந்தச் சனிக்கிழமை ராத்திரி தலைநகர்ல.